ஒரு நாற்காலி சாய்ந்தது... ஒரு சுவர் உடைந்தது! - விமானி அறைக் கைப்பிடிகளின் கதை

2018 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை. காலைக் காபி நேரம். உடையார்பாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டு டி.வி-யில் உடைந்த மதில்சுவர் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடிய எழுத்துகளில் `திருச்சி', `துபாய்' என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

``ஏங்க, நம்ம புள்ள போன பிளேனா அது?''

``அவன் போயி பத்து நாளாச்சு. இது நேத்து ராத்திரி கெளம்புனது'' என்றார் பெரியப்பா. சொன்னாரே தவிர, அவரும் டி.வி-யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் முந்திரிக்காடு, சுண்ணாம்புக்கல் லாரி, கைத்தறி, இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பிழைப்பு வளைகுடா வேலை. எங்களுக்கு `ஏர்போர்ட்' என்றால் அது திருச்சிதான். சிதம்பரம் - திருச்சி சாலையில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். பெட்டியைக் கட்டி, குலதெய்வத்துக்கு ஒரு சூடம் ஏற்றி, ராத்திரி விமானத்துக்கு வழியனுப்பிவிட்டு வருவது எங்கள் வீடுகளில் பழகிப்போன சடங்கு.

அந்த ராத்திரி நடந்தது இதுதான். அதிகாலை சுமார் 1.20 மணி. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-800 ரக விமானம், 130 பயணிகள், 6 ஊழியர்கள் என 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பியது. ஓடுபாதையின் முடிவு நெருங்கியும் அது போதிய உயரத்துக்கு எழும்பவில்லை. தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆன்டெனாக்களை இடித்துத் தள்ளி, மதில்சுவரின் தலையையும் பெயர்த்துக்கொண்டு ஒருவழியாக மேலே ஏறிவிட்டது. அடிவயிற்றில் கிழிசல். உள்ளே இருந்தவர்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. விமானிகளுக்கோ, கருவிகள் எல்லாம் சரியாகத்தான் காட்டின. சுவரில் உரசியிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறை தகவல் சொன்ன பிறகும் விமானம் போய்க்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அரபிக்கடலின் மேலிருந்து திருப்பி, மும்பையில் இறக்கினார்கள். அப்போது மணி ஐந்தரை இருக்கும். வயிறு கிழிந்த விமானத்தில் நான்கு மணி நேரப் பயணம்!

மறுநாள் எங்கள் டீக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ``டிரைவர் தூங்கிட்டான்பா.'' பஸ் கவிழ்ந்தாலும் ரயில் தடம் புரண்டாலும் முதலில் வரும் தீர்ப்பு இதுதானே!

விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் அறிக்கை வந்தபோது கதை வேறாக இருந்தது. ஓடுபாதையில் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது, தலைமை விமானியின் இருக்கையின் முதுகுப்பகுதி திடீரென்று பின்னால் சாய்ந்துவிட்டது. அவருடைய கை அப்போது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்களில் இருந்தது. உடம்பு பின்னால் போக, கையும் போக, கையோடு லீவரும் பின்னால் வந்துவிட்டது. அதாவது, எழும்புவதற்கு முழு விசை தேவைப்படும் நேரத்தில், யாரும் விரும்பாமலேயே விசை குறைந்துபோனது. குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும், குறைந்த விசையை மீண்டும் கூட்டியிருக்க வேண்டும், இரண்டையும் செய்யவில்லை என்று விமானிகளின் தவறையும் அறிக்கை மறைக்காமல் சொல்கிறது. ஆனாலும், கதை தொடங்கிய இடம் ஒரு நாற்காலி.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் தறியில் இருந்தார். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார், ``ஏன்டா, அம்மாம் பெரிய பிளேனு... சேரு சாஞ்சா கீழ போவுமா?''

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கிளம்பியதில்தான் இந்தக் கட்டுரை.

கை ஏன் அங்கே இருந்தது?

தூங்கியதால் அல்ல, விதிப்படிதான் இருந்தது. ஓடுபாதையில் ஓடும் விமானத்துக்கு `முடிவு வேகம்' என்று ஒன்று உண்டு. அதற்குள் ஏதாவது கோளாறு தெரிந்தால், விசையைச் சட்டென்று குறைத்து பிரேக் போட்டு நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் என்ன ஆனாலும் மேலே போய்த்தான் ஆக வேண்டும். நிறுத்த மிச்சப் பாதை போதாது. அதனால் அந்த வேகம் வரும்வரை தலைமை விமானி லீவரிலிருந்து கையை எடுக்கக் கூடாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வலக்கை, நடுவில் இருக்கும் லீவர்களில். ஆபத்தில் உடனே இழுக்க வேண்டும் என்பதற்காக வைத்த கை. அதே கைதான் அன்று வேண்டாத நேரத்தில் இழுத்தது.

இந்த ரக விமானத்தில் இன்னொரு சங்கதி. விசையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஓடுபாதையில் ஏறத்தாழ 84 நாட் வேகம், அதாவது மணிக்கு 155 கிலோமீட்டர் அளவுக்கு வந்ததும், அது லீவர்களை விட்டுவிடும். புறப்பாட்டின் நடுவே இயந்திரம் தன்னிஷ்டத்துக்கு விசையை மாற்றிவிடக் கூடாது, மனிதக் கைக்கே முழு அதிகாரம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. அந்த நேரத்தில் லீவரை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். தானாக முன்னால் போகாது.

காக்பிட்டை வடிவமைப்பவர்களின் பாடு இதுதான். ஓர் ஆபத்தை மனதில் வைத்துச் செய்யும் ஏற்பாடு, வேறோர் ஆபத்துக்குக் கதவைத் திறந்துவைத்துவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து படம் வரையும்போது அந்தக் கதவு கண்ணில் படுவதில்லை.

தறிக்குழியும் விமானி இருக்கையும்

பெரியப்பாவுடையது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு, மேட்டில் உட்கார்ந்து நெய்வது. குழிக்குள் இருக்கும் மிதிகளை அவர் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை. கண் துணியில், ஒரு கை கயிற்றில், இன்னொரு கை பலகையில். எந்த மிதி எங்கே என்பது பாதத்துக்குத் தெரியும். ஒருமுறை பக்கத்து வீட்டுத் தறியில் உட்கார்ந்து இரண்டு முழம் நெய்து கொடுத்துவிட்டு வந்தவர், ராத்திரி முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ``அவன் நெட்டையன்டா. குழிய அவன் காலுக்குத் தோண்டியிருக்கான். நமக்கு எட்டல'' என்றார்.

பெரியப்பா ஒரு ராத்திரியில் கண்டுபிடித்த இந்த உண்மையை, அமெரிக்க விமானப்படை 4,063 பேரை அளந்துதான் கண்டுபிடித்தது!

1950-ம் ஆண்டு. ஓஹையோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி, விமானப்படையினரின் உடல் அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை காக்பிட் என்பது `சராசரி' ஆளுக்காகச் செய்யப்பட்டது. சராசரி உயரம், சராசரிக் கை நீளம், சராசரி மார்பளவு என்று. டேனியல்ஸ் முக்கியமான 10 அளவுகளை எடுத்துக்கொண்டார். அந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தேடினார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. வெறும் மூன்று அளவுகளை மட்டும் பார்த்தால்கூட, நூற்றுக்கு நான்கு பேர் தேறவில்லை. கை நீண்டவனுக்குக் கால் குட்டை, உயரமானவனுக்கு இடுப்பு சிறுத்திருக்கிறது. யாருக்காக அத்தனை காக்பிட்களையும் செய்தார்களோ, அப்படி ஒரு ஆளே படையில் இல்லை!

அதன்பிறகுதான் முன்னும் பின்னும் நகரும் இருக்கை, உயர்த்தித் தாழ்த்தும் வசதி, மாற்றிக்கொள்ளும் மிதிகள் எல்லாம் கட்டாயம் என்ற எண்ணம் வலுப்பட்டது. இன்றைக்கு நம் காரிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால், எதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர இப்போதும் டேப் வைத்து அளக்கிறார்கள். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் 99 முதல் 120 வரை. தொடை நீளம் 64-க்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 வரை. இருக்கை எவ்வளவு நகர்ந்தாலும் சில உடம்புகளுக்கு அந்தப் பெட்டி பொருந்தாது. அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது, நீண்ட தொடை முன்பலகையில் இடித்து முழங்கால் போய்விடும்.

நகரும் இருக்கைக்கு நகராமல் பிடித்துக்கொள்ளும் பூட்டும் வேண்டும். திருச்சியில் கைவிட்டது அந்தப் பிடிதான். எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று கொடுத்த வசதி, அன்று ஒருவரைச் சாய்த்துவிட்டது.

சக்கரத்துக்குச் சக்கரம், இறக்கைக்கு இறக்கை

டேனியல்ஸுக்குச் சில வருடங்கள் முன்பு அதே ரைட் ஃபீல்டில் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவ நிபுணர் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போர்க் காலம். பி-17 என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றைத் தரையில் தேய்த்து நாசமாகிக்கொண்டிருந்தன. இறங்கி முடித்ததும் இறக்கையின் மடல்களை உள்ளே இழுக்க வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுகிறார்! எதிரியின் குண்டுக்குத் தப்பி வந்தவர், வீட்டு வாசலில் தடுக்கி விழுந்த மாதிரி.

`விமானி கவனக்குறைவு' என்று கோப்புகளில் எழுதி மூடிக்கொண்டிருந்தார்கள். சபானிஸ் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு ஸ்விட்ச், மடலுக்கு ஒரு ஸ்விட்ச். இரண்டும் ஒரே மாதிரி. பக்கத்தில் பக்கத்தில். சி-47 என்ற சரக்கு விமானத்தில் அவை இப்படி இல்லை. அதை ஓட்டியவர்கள் இந்தத் தவறைச் செய்யவுமில்லை. அப்படியென்றால், கவனக்குறைவு என்பது ஒரு வகை விமானத்தை ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் வருகிற வியாதியா?

அவர் சொன்ன வைத்தியம் சில அணாக்களில் முடிகிற வைத்தியம். சக்கர ஸ்விட்ச்சின் முனையில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரம். மடல் ஸ்விட்ச்சின் முனையில் இறக்கை போன்ற ஆப்புத் துண்டு. இருட்டில் தடவினாலும் கைக்குத் தெரியும். இன்றைக்கும் நீங்கள் ஏறுகிற எந்தப் பயணிகள் விமானத்திலும், சக்கரத்தை இறக்கும் லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கும். விதிப்புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் இதையே பெரிதாகச் செய்தார்கள். விமானிகளிடமே போய், `கைப்பிடிகளைக் கையாளும்போது நீங்களோ, உங்களுக்குத் தெரிந்தவரோ செய்த தவறைச் சொல்லுங்கள்' என்று கேட்டு, 460 அனுபவங்களைத் திரட்டினார்கள். அவற்றில் பாதி, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தொட்ட கதைகள். காரணமும் கையிலேயே கிடைத்தது. விசை, புரொபெல்லர், எரிபொருள் கலவை என்ற மூன்று லீவர்களும் ஒரு விமானத்தில் ஒரு வரிசை, இன்னொன்றில் வேறு வரிசை, மூன்றாவதில் இன்னொரு வரிசை! மாற்றி மாற்றி ஓட்டுகிறவன் கை என்ன செய்யும்?

இதைப் படிக்கிற இல்லத்தரசிகளுக்கு ஒரு செய்தி. இதே சபானிஸ் பின்னாளில் உங்கள் சமையலறைக்கும் வந்தார். 1959-ல் அவரும் லிண்டன்பாம் என்பவரும் நான்கு பர்னர் அடுப்பை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பர்னர்கள் இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாக இருக்கின்றன. திருகுகள் மட்டும் முன்னால் ஒரே வரிசையில். எந்தத் திருகு எந்த பர்னருக்கு? யோசித்துத்தான் சொல்ல முடியும். பர்னர்களைச் சற்று விலக்கி, ஒவ்வொன்றும் தன் திருகுக்கு நேராக வருகிற மாதிரி வைத்தபோது, சோதனையில் ஒரு தவறுகூட வரவில்லை. அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நம் வீட்டு அடுப்புகளை வடிவமைக்கிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பால் பொங்குகிற நேரத்தில் குழம்பை அணைத்துவிட்டு, ``எனக்கு வர வர ஞாபகமே இல்லை'' என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்.

பெரியம்மா அந்த ரகம் இல்லை. வீட்டு ஸ்விட்ச் போர்டில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச். விருந்தாளி யாராவது ஃபேன் என்று நினைத்து மோட்டாரைப் போட்டுவிட்டுப் போக, மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே நூல் நனைந்து பெரிய ரகளை. அன்றைக்கே தன் நெற்றியிலிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மோட்டார் ஸ்விட்ச்சில் ஒட்டிவிட்டார். அதன்பிறகு தொட்டி வழிந்ததில்லை. சபானிஸ் பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார்.

பெங்களூரில் ஒரு பட்டப்பகல்

இதெல்லாம் போர்க்காலக் கதை, இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதே என்று தோன்றும். கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்ததுதான் நம் நாட்டுக்கு மிக நெருக்கமான கதை.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320. புத்தம் புது விமானம், அன்றைக்கு உலகிலேயே அதிநவீன காக்பிட். கடிகாரம் கடிகாரமாக இருந்த கருவிகள் போய் வண்ணத்திரைகள் வந்திருந்தன. வானம் தெளிவு, நேரம் நண்பகல். ஹெச்.ஏ.எல் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானம், ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் தரை தட்டி, கரையில் மோதி எரிந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

இன்ஜின்களில் கோளாறு இல்லை. அவை சும்மா இருக்கும் நிலையில் ஓடிக்கொண்டிருந்தன, அதுதான் கோளாறு. இறங்கும் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் காக்கும் அளவுக்கு விசை இருக்க வேண்டும். ஆனால், விமானமோ விசையை அடியோடு குறைத்துக்கொண்டு சரிந்து இறங்கும் முறைக்குப் போயிருந்தது. ஏன் போனது?

விமானிகளின் முன்னால், கண் மட்டத்தில், தானியங்கிக்குக் கட்டளை கொடுக்கும் ஒரு பலகை. அதில் வரிசையாகத் திருகுகள். `எந்த உயரத்துக்கு' என்று சொல்லும் திருகும், `நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில்' என்று சொல்லும் திருகும் அடுத்தடுத்து. நிமிடத்துக்கு 700 அடி வேகத்தில் இறங்கலாம் என்று விமானி அறையில் பேச்சு நடந்திருக்கிறது. வேகத் திருகுக்குப் பதில் உயரத் திருகைத் திருப்பி 700 வைத்துவிட்டார்களா? பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 3,000 அடியில் இருக்கிற ஊர். 700 அடி உயரத்துக்குப் போ என்றால், மண்ணுக்குள் போ என்று அர்த்தம். கம்ப்யூட்டர் `சரி ஐயா' என்று விசையைக் குறைத்துக்கொண்டு கிளம்பிவிடும். விசாரணையில் பலமாக எழுந்த சந்தேகம் இதுதான். அது எப்படி நேர்ந்தது என்று உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்றும், உயரம் 400, 300, 200 என்று விமானமே குரல் கொடுத்தும் விசையைக் கூட்டத் தாமதித்தார்கள் என்றும் அறிக்கை முடித்தது. அந்த ரக விமானங்கள் முழுவதையும் அரசு பல மாதங்கள் தரையில் நிறுத்திவைத்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய விமானங்களில் தானியங்கி விசையைக் குறைத்தால், லீவரும் கண்ணெதிரே பின்னால் நகரும். கடைக்கண்ணில் படும், மேலே கை வைத்திருந்தால் கை இழுபடும். ஏர்பஸ் ஏ-320-ல் லீவர் நகராது. ஒரு காடியில் போட்டால் அங்கேயே நிற்கும். இன்ஜின் மட்டும் கூடும், குறையும். என்ன நடக்கிறது என்பதைத் திரையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நகரும் லீவர் நல்லதா, நகராத லீவர் நல்லதா என்ற சண்டை விமானிகளிடையே இன்றுவரை ஓயவில்லை. `நகர்ந்திருந்தால் பெங்களூரு நடந்திருக்காது' என்று ஒரு கட்சி. எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது. திருச்சி அறிக்கையைப் படித்த பிறகு தயக்கம். அங்கே லீவர் நகரத்தான் செய்தது; விமானியின் கையோடு சேர்ந்தே நகர்ந்தது. அப்படியும் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. சாய்ந்த முதுகைப் பற்றிய பதற்றம் கையின் செய்தியை விழுங்கிவிட்டது போலும்.

பெங்களூருக்கு இரண்டு வருடம் கழித்து, 1992 ஜனவரி 20-ம் தேதி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே அதே ரக விமானம் ஒன்று இரவில் மலையில் மோதியது. 96 பேரில் பிழைத்தவர்கள் 9 பேர். அங்கேயும் அதே பலகை, வேறு குழப்பம். ஒரே சிறிய திரையில், `3.3 டிகிரிச் சரிவில் இறங்கு' என்பதும் `நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கு' என்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி, `33' என்று தெரியும். இரண்டில் எந்த முறையில் இருக்கிறோம் என்பது ஒரு பட்டனைப் பொறுத்தது. முதலாவது, சாய்தளத்தில் நடப்பது மாதிரி. இரண்டாவது, கிணற்றில் குதிப்பது மாதிரி. விமானிகள் 3.3 டிகிரி என்று நினைத்தே 33 வைத்திருக்க வேண்டும் என்பதுதான் புலனாய்வில் வலுவாக நின்ற விளக்கம். பிறகு அந்தத் திரையில் 3300 என்று நான்கு இலக்கமும் முழுதாகத் தெரியும்படி மாற்றினார்கள். இரண்டு பூஜ்யங்கள்.

அடிவானம் பொய் சொன்னால்...

துபாய்க்குப் போன இன்னொரு விமானத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1978 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. பம்பாய் சாந்தாகுரூஸிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் `எம்பரர் அசோகா', போயிங் 747 ஜம்போ. கரையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி, நிமிர்ந்தது. தலைமை விமானியின் முன்னாலிருந்த செயற்கை அடிவானக் கருவி மட்டும் நிமிரவில்லை. வலப்பக்கம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டியது. கீழே கருங்கடல், மேலே கருவானம். கண்ணுக்கு வேறு சாட்சி இல்லை. அவர் இடப்பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். துணை விமானியின் கருவி, விமானம் இடப்பக்கம் சாய்வதைச் சரியாகத்தான் காட்டியது. அதைப் பார்த்த அவரோ, தன்னுடையதும் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். புறப்பட்டு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. 213 பேரும் பாந்திரா கடலில் போய்விட்டார்கள்.

இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, எது பொய் என்று அந்த ஓரிரு நொடிகளில் மனிதன் எப்படித் தீர்மானிப்பான்? இன்றைய திரைகள் இரண்டு பக்கத்தையும் தாங்களே ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றால் எச்சரிக்கை போடுகின்றன. எச்சரிக்கைகளிலும் சிக்கல் உண்டு. 2005-ல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் போன ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737-ல் காற்றழுத்தம் குறைவதற்கான எச்சரிக்கை ஒலித்தது. தரையில் புறப்பாட்டுத் தயாரிப்பில் குறை இருந்தால் வருவதும் அதே ஒலிதான். விமானிகள் இதை அதுவாக எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கிப்போக, 121 பேரையும் சுமந்துகொண்டு விமானம் எரிபொருள் தீரும்வரை தானாகவே பறந்தது. அதற்குப் பிறகுதான் தனி விளக்குகள் வந்தன. நம் வீட்டில் காலிங்பெல்லும் டெலிபோனும் ஒரே ஒலியில் அடித்தால் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடுவோமே, அதே கதை.

2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் விழுந்த விமானத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இன்ஜின்களுக்கு எரிபொருளை நிறுத்தும் இரண்டு ஸ்விட்ச்களும், புறப்பட்ட சில நொடிகளில், ஒரு விநாடி இடைவெளியில் அணைந்த நிலைக்கு மாறின என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. அந்த ஸ்விட்ச்கள் சட்டை பட்டு நகரக் கூடாது என்பதற்காக, மேலே தூக்கித்தான் தள்ள முடியும்படி செய்யப்பட்டவை. அது முதற்கட்ட அறிக்கைதான். அதை வைத்து, உயிரோடு இல்லாத இருவரைப் பற்றி டி.வி-யில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவர்களைப் பார்த்தபோது எங்கள் டீக்கடை எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். பெங்களூரு கதையில் மட்டும் குறுக்கே கேட்டார். ``ரெண்டு திருகும் பக்கத்துல பக்கத்துலயா? ஒண்ணுக்கு ஒரு பொட்டு வெச்சிருக்கலாமுல்ல?''

``அந்த விபத்துக்கு அப்புறம் இதைப் பத்தியும் பேசினாங்க பெரியப்பா.''

``அப்புறம்தானே...'' என்றார்.

போன மாதம் அண்ணன் லீவு முடிந்து துபாய்க்குக் கிளம்பினான். வழியனுப்ப பெரியப்பா, பெரியம்மா, நான். திருச்சி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட் கிடைத்தது. ஜயங்கொண்டத்திலிருந்து வந்த டிரைவர் இறங்கி, உடையார்பாளையத்தில் வேறு டிரைவர் மாறினார். இவர் ஆள் குட்டை. ஏறி உட்கார்ந்ததும் சீட்டை முன்னால் இழுத்தார். காலை நீட்டி கிளட்ச்சை மிதித்துப் பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை இழுத்தார். பிறகு, முதுகால் சீட்டை `டொப், டொப்'பென்று இரண்டு முறை பின்னால் இடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பெரியப்பா என் விலாவில் இடித்தார். ``பாத்தியா?''